பில்லையும் புரோகிராமும்

பம்மலில் நான் வேலை பார்த்த டேனரிக்கு இரண்டு கேட். பெரிய கேட்டில் தோல் லாரி போகும், லேபர் நாங்களும் போவோம். பக்கத்தில் இருந்த சின்ன கேட் ஸ்டாஃபுக்கு.

லேபர் உள்ளே வரும்போது பலகையில் மாட்டியிருக்கும் பித்தளைப் பில்லையை எடுத்துப் பெட்டிக்குள் போட வேண்டும். போடாவிட்டால் அன்றைக்கு நாம் வரவில்லை என்று அர்த்தம். ஸ்டாஃபுக்குப் பில்லை கிடையாது. மேசையில் ரிஜிஸ்டர் இருக்கும், கையெழுத்துப் போடுவார்கள். ஸ்டாஃபுக்குக் கண்ணாடி டம்ளரில் டீ போகும். எங்களுக்கு அலுமினியக் குவளை. அவர்களை சார் என்பார்கள். எங்களை டேய் என்பார்கள். தலை நரைத்தால் யோவ்.

வெளியாளுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. உள்ளே இருந்தவனுக்குத் தெரியும். ஸ்டாஃப் ஆக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். என் வாலிபம் முழுக்க அந்த ஒரு ஆசையில்தான் போயிற்று.

நான் ஒன்பதாவது வரை போனவன். எண்பதுகளின் தொடக்கத்தில் எடை மேடையில் சேர்ந்தேன். சுண்ணாம்பில் ஊறின தோலை, மயிரும் சதையும் எடுத்த பிறகு, தள்ளுவண்டியில் ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டு வருவார்கள். அதை எடை போட்டு எழுதுவது என் வேலை. அந்த எடையை வைத்துத்தான் மற்ற எல்லாம். இவ்வளவு தோலுக்கு இவ்வளவு தண்ணீர், இவ்வளவு உப்பு, ஆசிட், குரோம் என்று பங்கு போட்டு டிரம்முக்குள் விடுவார்கள். டிரம் என்றால் ஒரு அறை அளவு மரப்பீப்பாய். படுத்த வாக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். மருந்து கூடினால் தோலின் மேல்பக்கம் வெடிக்கும். குறைந்தால் நடுவில் பச்சையாக நிற்கும். இரண்டு வகையிலும் அந்தத் தோல் குப்பை.

பங்குக் கணக்கை டிரம் மேஸ்திரி மனசில் போடுவார். சாக்பீஸால் டிரம்மின் மேலேயே எழுதுவார். மழைக்காலத்தில் எழுத்து நிற்காது. அப்போது கத்திச் சொல்லுவார்.

ஒரு நாள் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். கணக்கு எழுதத்தான் வாங்கினார். அதற்கென்று ஒரு ரூமில் ஏசி போட்டார்கள். டேனரியில் ஏசி உள்ள இடம் அது ஒன்றுதான். அக்கவுண்டன்ட் இரண்டு நாள் அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கண் கூசுகிறது, தலை வலிக்கிறது என்று எழுந்துவிட்டார். முதலாளிக்குக் கோபம். எடைச் சீட்டோடு நான் வாசலில் நின்றிருந்தேன்.

"இவனை உட்கார வைங்க. இவன் கையெழுத்து நல்லா இருக்கு" என்றார்.

கையெழுத்துக்கும் அந்த மெஷினுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. உட்கார்ந்தேன். ஏசி குளிர்ந்தது.

மெஷினை விற்றவர்கள் ஒரு ஆளை அனுப்பினார்கள். அவர் வேகமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் புத்தகத்தை வைத்துவிட்டுப் போனார். புத்தகம் இங்கிலீஷ். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். பேஸிக் என்கிற அந்தப் பாஷையில் வார்த்தை கொஞ்சம்தான். 'இஃப்' என்றால் அப்படி இருந்தால். 'கோ டு' என்றால் அந்த வரிக்குப் போ. எடை மேடையில் நாங்கள் பேசுவதும் அதுதானே. வண்டி இந்த எடைக்கு மேல் இருந்தால் அந்த டிரம்முக்குப் போ. எனக்கு அது கஷ்டமாகத் தெரியவில்லை.

கணக்கு எழுதச் சொன்னதை எழுதினேன். நடுவில் எனக்காக ஒன்று எழுதிப் பார்த்தேன். எடையைத் தட்டினால், எந்தச் சரக்கு என்று சொன்னால், டிரம்முக்கு என்னென்ன மருந்து எவ்வளவு என்று சீட்டு அடித்துத் தரும். தப்பும் தவறுமாகப் பல வாரம் போயிற்று. ஒரு நாள் சரியாக வந்தது. சீட்டைக் கிழித்து மேஸ்திரியிடம் கொண்டு போனேன். அவர் டிரம் மேலிருந்த தன் கணக்கைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டார். அப்புறம் சீட்டின் தலைப்பக்கம் விரலை வைத்தார்.

"இன்னாபா இது, ஒண்ணுன்னு போட்டுக்கீது?"

"மொத வண்டிண்ணா."

"மொத வண்டிக்கு லாபம்னுல்ல சொல்லணும். லாபம், ரெண்டு, மூணு. ஒண்ணுன்னு ஆரம்பிச்சா வெளங்குமா? உம் மெஷினுக்கு யாரும் சொல்லித் தர்லியா?"

எங்கள் எடை மேடையில் அப்படித்தான். எண்ணும்போது முதலாவதை ஒன்று என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மெஷினில் தமிழ் எழுத்து கிடையாது. ஒன்று வருகிற இடத்தில் லாபத்துக்கு அடையாளமாக இங்கிலீஷ் 'எல்' போட்டுக் கொடுத்தேன். மேஸ்திரி சீட்டைத் தலைகீழாக ஒரு தடவை, நேராக ஒரு தடவை பார்த்தார்.

"இதான் லாபமா? நோஞ்சானா கீது. பரவால்ல, இருக்கட்டும்."

அன்றைக்கு முதலாளியே எடை மேடைக்கு வந்தார். மூக்கில் கைக்குட்டை. சீட்டு வருவதை நின்று பார்த்தார். முதுகில் தட்டினார்.

"இது நல்லா ஓடட்டும். உன்னை ஸ்டாஃப்ல போட்டுடறேன்."

அது எல்லார் காதிலும் விழுந்தது. அதுதான் வினை.

எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணுக்கு ஊர் கோவிலம்பாக்கம். ஒரு காலத்தில் நிலம் நீச்சு இருந்த குடும்பம். எங்கள் பக்கத்தில் 'பையன் கம்ப்யூட்டர்ல இருக்கான்' என்று சொல்லிவிட்டார்கள். பொய் இல்லை. மாமனார் ஆகப் போகிறவர் ஒரு நாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் வந்து, கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். நான் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பெரிய கேட்டில் நுழைந்ததையும் பில்லை எடுத்ததையும் பார்த்திருக்கிறார். சாயங்காலம் எங்கள் வீட்டில் வந்து நின்றார்.

"கம்ப்யூட்டர்னீங்க. புள்ளையாண்டான் பில்லை இல்ல எடுக்கறாரு?"

என் அண்ணன் சமாளித்தான். "கம்ப்யூட்டர்தாங்க. பில்லை சும்மா பேருக்கு. சீக்கிரம் ஸ்டாஃப் ஆயிடுவான். மொதலாளியே வாயால சொல்லிட்டாரு."

"மொதலாளி சொல்றது இருக்கட்டும். கேட்டு இன்னா சொல்லுது?"

பெண்ணைக் கொடுத்தார். ஆனால் அதை விடவில்லை. பொங்கலுக்குப் போனாலும் சரி, காது குத்துக்குப் போனாலும் சரி, இலையில் உட்கார்ந்ததும் நாலு பேர் கேட்கிற மாதிரி கேட்பார். "மாப்ள, இப்ப எந்த கேட்டு?" எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என் மனைவி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு பரிமாறுவாள். வீட்டுக்கு வந்தால் அதைப் பற்றிப் பேச மாட்டாள். அவள் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின்தான் அடிக்கடி மக்கர் செய்தது. பழைய மெஷினுக்கு ரிப்பேர் பார்க்க ஆள் கிடைக்காமல் போயிற்று. எல்லா ஆபீசிலும் இப்போது டாஸ் மெஷின்தான் என்றார்கள். முதலாளி அதில் ஒன்று வாங்கினார்.

"உன் புரோகிராமை இதுல மாத்திடு. மாத்தினதும் உன் விஷயத்தைப் பார்க்கறேன்."

பழைய பிளாப்பியைப் புது மெஷினில் போட்டேன். அளவு அதேதான். நன்றாக உள்ளே போனது. ஆனால் படிக்கவில்லை. அந்த மெஷின் எழுதினது இந்த மெஷினுக்குத் தெரியாதாம். புரோகிராம் முழுவதையும் பழைய மெஷினில் பேப்பரில் அடித்தேன். மடித்து மடித்து வந்த நீளப் பேப்பர். அதைச் சுவரில் ஒட்டிவைத்து வரி வரியாகப் பார்த்து மறுபடி தட்டினேன். பேஸிக் அதிலும் இருந்தது. ஓடும் என்று நினைத்தேன். ஓடினது. ஆனால் திரை முழுக்க இடதுபக்கம் பார்த்த அம்புக்குறி. பழைய மெஷினில் திரையைத் துடைக்க, எழுத்தை நடுவில் நிறுத்த, கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி அனுப்ப வேண்டும். புது மெஷினுக்கு அது வெறும் அம்பு.

மருந்து ஸ்டோர் கிளார்க் எட்டிப் பார்த்தார். "இன்னா, வந்த வழியே போன்னு காட்டுது உன் மெஷின்?"

அம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஒன்றைப் பிடுங்கினால் இன்னொரு இடத்தில் எழுத்து எழுத்தின் மேல் ஏறியது. பிரிண்டரும் வேறு. சீட்டில் கட்டம் கோணிக்கொண்டு வந்தது. பழைய டிரம்களின் பதிவெல்லாம் பழைய பிளாப்பியோடு போயிற்று. அதைத் தட்டி ஏற்ற எனக்குத் தெம்பு இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. கடைசியில் ஓடியது. 'எல்' அப்படியே இருந்தது.

முதலாளி ரூமுக்குப் போனேன்.

"சார், ஸ்டாஃப் விஷயம்."

"மறக்கல. பையன் படிப்பை முடிச்சிட்டு வரான். ஆபீசை அவன்தான் பார்க்கப் போறான். அவன் கையால போடட்டும். அதுதானே மரியாதை?"

அதுதான் மரியாதை என்று நானும் நம்பினேன்.

பையன் வந்தார். சின்னவர் என்று கூப்பிடுவோம். நல்ல மாதிரி. யாரையும் டேய் என்று சொல்ல மாட்டார். என்னை வாங்க போங்க என்பார். வந்த வருஷமே டாஸ் மெஷின் பத்தாது என்று சொல்லிவிட்டார். எடை மேடையில் ஒரு திரை, மருந்து ஸ்டோரில் ஒரு திரை, ஆபீசில் ஒரு திரை, எல்லாத்துக்கும் நடுவில் ஒரே பெட்டி. யுனிக்ஸ் என்றார்கள்.

அதில் என் பேஸிக் கிடையாது. சி என்கிற வேறு பாஷை. இந்தத் தடவை மாற்றுவது இல்லை. அடியிலிருந்து எழுத வேண்டும். பெட்டியைப் பார்க்கக் கிண்டியிலிருந்து ஸ்கூட்டரில் ஒரு இன்ஜினியர் வருவார். பொறுமையான மனிதர். தன் புத்தகத்தைக் கொடுத்தார். குரோம்பேட்டை ஸ்டேஷன் பக்கத்தில் ஜெராக்ஸ் எடுத்தேன். பாதிப் பக்கம் கறுப்பாக வந்தது. அதை வைத்துப் படித்தேன்.

சி-யில் எண்ணிக்கை பூஜ்யத்தில் ஆரம்பிக்கும். அது மண்டையில் ஏற நாளாயிற்று. வெள்ளோட்டம் விட்ட அன்று முதல் சீட்டு பூஜ்யத்தோடு வந்துவிட்டது. மேஸ்திரி சீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, டிரம் ஓட்டுகிற எல்லாரையும் கூப்பிட்டார்.

"இங்க வந்து பாருங்கடா. லாபத்த முட்டை ஆக்கிட்டான் நம்ம ஆளு. மொதலாளி இதுக்குத்தான் லச்சக்கணக்குல மெஷின் வாங்கினாரு."

"மாத்திடறேண்ணா."

"மாத்து மாத்து. சீக்கிரம் மாத்து. சின்னவரு பாத்தா நெஞ்சு வலி வந்துடும்."

இன்னொரு தொல்லை. ஸ்டோர் கிளார்க் எப்போதும் இங்கிலீஷ் பெரிய எழுத்தில்தான் தட்டுவார். டாஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று. இங்கே வேறு வேறு. அவர் தட்டுகிற ஃபைல் இல்லை இல்லை என்று வரும். "காணாப் போச்சு, திருடிட்டாங்க" என்று அவர் கத்துவார். அவர் எப்படித் தட்டினாலும் சின்ன எழுத்தாக மாற்றிக்கொள்கிற மாதிரி எழுதினேன். அவரை மாற்றுவதைவிட அது சுலபம்.

அப்புறம் ஒன்று வந்தது. வெள்ளோட்டத்தில், இரண்டு திரையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் தட்டினால், ஒரு டிரம்மின் எடை இன்னொரு டிரம்மின் சீட்டுக்குள் போய் உட்கார்ந்தது. டாஸில் ஒரே மெஷின், ஒரே ஆள். இந்தப் பிரச்சினைக்கு அங்கே இடமே இல்லை. இன்ஜினியரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"ஒரு கக்கூஸ், ரெண்டு ஆளு. தாப்பாள் போடணும். அவ்வளவுதான்."

தாழ்ப்பாள் எப்படிப் போடுவது என்று காட்டிக்கொடுத்தார். போட்டேன். சரியாயிற்று. அந்த மழைக்காலம் முழுக்க நான் வீட்டில் இருந்த நேரம் குறைவு. என் மகள் அப்போதுதான் நடக்க ஆரம்பித்தாள். நடந்ததை நான் பார்க்கவில்லை. சொன்னார்கள்.

புரோகிராம் மூன்று திரையிலும் ஓடியது. சின்னவரிடம் போனேன்.

"அப்பா சொன்னாருங்க. ஞாபகம் இருக்கு" என்றார். "ஆனா இப்ப யூனியனோட பேச்சுவார்த்தை நடக்குது. இந்த நேரத்துல ஒரு லேபரை ஸ்டாஃப் ஆக்கினா, சங்கத்தை உடைக்கறேன்னு சொல்லுவாங்க. அது முடியட்டும்."

பேச்சுவார்த்தை முடிந்தது. அடுத்த பேச்சுவார்த்தை வந்தது. நான் தினம் பில்லை எடுத்து, அழுக்குச் சட்டையோடு ஏசி ரூமுக்குப் போய் உட்கார்ந்தேன். ரூமில் தோல் நாற்றம் அடிக்கிறது என்று டைப்பிஸ்ட் அம்மா சாம்பிராணி ஏற்றுவார். என் முகத்துக்கு நேராக ஏற்ற மாட்டார். அந்த அளவுக்கு மரியாதை இருந்தது.

தொண்ணூறுகளில் விண்டோஸ் வந்தது. சின்னவர் வெளிநாட்டு வியாபாரிகளைப் பார்த்துவிட்டு வந்து, எல்லாம் கலரில் இருக்க வேண்டும், மவுசில் இருக்க வேண்டும் என்றார். இந்தத் தடவை என்னிடம் கொடுக்கவில்லை. நந்தனம் பக்கம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்குக் கொடுத்தார். நான் அங்கே போய் உட்கார்ந்து, புரோகிராமில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பல வாரம் போக வேண்டியிருக்கும்.

அங்கேதான் சிக்கல். லேபர் ஷிஃப்ட் நேரத்தில் கேட்டைத் தாண்டக் கூடாது. யூனியனோடு போட்ட ஒப்பந்தம் அப்படி. ஸ்டாஃப் போகலாம்.

அதனால் சின்னவர் என்னைக் கூப்பிட்டு ஸ்டாஃப் ஆர்டரை நீட்டினார்.

பல வருஷம் நான் கேட்டுக் கிடைக்காதது, அவர்களுக்கு வேண்டும் என்றதும் ஒரு மதியத்தில் வந்தது. கையில் வாங்கினேன்.

"ஒரு ஃபார்மாலிட்டி இருக்கு" என்றார். "லேபர் போஸ்ட்டை ராஜினாமா பண்ணி எழுதிக் கொடுங்க. ஸ்டாஃப்ல புதுசா சேர்ற மாதிரி."

சங்கச் செயலாளர் சதை எடுக்கிற மெஷினில் வேலை பார்த்தவர். செய்தி அவருக்குப் போய்விட்டது. கையை உதறிக்கொண்டே வந்தார்.

"கம்ப்யூட்டரு, யோசிச்சுக்க. அந்தாண்ட போயிட்டா நாங்க உனக்குக் கொடி புடிக்க முடியாது. அப்பால வந்து அழுவாத."

"அழ மாட்டேன்."

"பில்லைன்னா கேவலம்னு நெனைக்கற. அது கைல கீறவரைக்கும் எவனும் உன்னை வெளிய தள்ள முடியாது, தெரிஞ்சுக்க."

தெரிந்துகொள்ளவில்லை. எனக்கு மாமனாரின் முகம்தான் கண்ணில் நின்றது. எழுதிக் கொடுத்தேன். பில்லையை டைம் ஆபீசில் ஒப்படைத்தேன். அதை வாங்கினவன் பார்க்கக்கூட இல்லை, டிராயரில் போட்டான்.

மறுநாள் சின்ன கேட்டில் நுழைந்தேன். வாட்ச்மேன் எழுந்து நின்று நெற்றியில் கை வைத்தார். "வணக்கம் சார்!" கேலிதான். நானும் வணக்கம் சொன்னேன். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன். பத்து மணிக்குக் கண்ணாடி டம்ளரில் டீ வந்தது. ஆறிப்போயிருந்தது. கேன்டீனிலிருந்து ஆபீசுக்கு வருவதற்குள் அப்படி ஆகிவிடுமாம். எடை மேடையில் குவளையில் வருகிற டீ கை சுடும்.

மனைவி அன்றைக்குக் கேசரி செய்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோவிலம்பாக்கம் போனோம். மாமனார் கேட்டார். நான் சின்ன கேட் என்றேன். "அப்படியா, சந்தோசம்" என்று சொல்லிவிட்டு மழை பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அவ்வளவுதான். நான் என்ன எதிர்பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

நந்தனத்துக்குத் தினம் போனேன். அங்கே ஒரு பெண் எழுதிக்கொள்ளும். சின்ன வயசு, நல்ல புத்தி. நான் என் புரோகிராமை வரி வரியாகச் சொல்லுவேன். இது எதற்கு, அது எதற்கு என்று கேட்கும். கேலியாகக் கேட்காது.

"இந்த எல் எதுக்கு சார்?"

சொன்னேன். மேஸ்திரியைப் பற்றியும் சொன்னேன். சிரித்தது. மறுநாள் நான் போனபோது திரையில் முதல் வண்டிக்கு நேராகத் தமிழில் லாபம் என்று முழு வார்த்தை இருந்தது. நான் அத்தனை வருஷம் ஒரு இங்கிலீஷ் எழுத்தை வைத்து ஓட்டினேன். அந்தப் பெண் ஒரு ராத்திரிக்குள் போட்டுவிட்டது.

"நல்லா இருக்கும்மா" என்றேன். நன்றாகத்தான் இருந்தது.

நான் சொல்லச் சொல்ல என்னிடம் இருந்தது குறைந்துகொண்டே வந்தது. குரோம் மாட்டுத்தோலுக்கு எவ்வளவு, ஆட்டுத்தோலுக்கு எவ்வளவு, குளிர் நாளில் எங்கே கூட்டுவது, ஸ்டோர் கிளார்க்கின் பெரிய எழுத்து, எல்லாம் அங்கே போயிற்று. தாழ்ப்பாள் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். அது தேவையில்லை, தானாகவே பூட்டிக்கொள்ளும் என்றார்கள். முடிந்தபோது முதல் திரையில் அந்தக் கம்பெனியின் பேர் பெரிதாக வந்தது. அதுதான் வழக்கம் என்று எனக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில் பம்மலில் கிணற்றுத் தண்ணீர் பழுப்பாகி ரொம்ப வருஷம் ஆகியிருந்தது. கழிவுத் தண்ணீருக்காக அதிகாரிகள் வந்து வந்து போனார்கள். ஈர வேலையை இங்கே வைத்துக்கொள்ள முடியாது என்று ஆயிற்று. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் புதிதாக இடம் கட்டி டிரம்களை அங்கே கொண்டு போவது என்று முடிவானது. சங்கம் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டது. கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று. பில்லை உள்ள ஒவ்வொருவரையும் அங்கே எடுத்துக்கொள்ள வேண்டும். போக வர பஸ் விட வேண்டும். ஒருவரையும் விட்டுவிடக் கூடாது.

ஸ்டாஃப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தை இல்லை. ஸ்டாஃபுக்காக யார் உட்கார்ந்தார்கள்?

சின்னவர் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். என் முறை வந்தது. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அவர் ரூமில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"புது சாஃப்ட்வேர் நல்லா ஓடுது. உங்க உழைப்புதான். ஆனா அங்க அதைப் பார்த்துக்கத் தனியா ஆள் தேவைப்படல. அந்தக் கம்பெனியே பார்த்துக்கும்."

"சரி சார்."

"இந்த மாசம் முடியற வரைக்கும் இருங்க."

"சரி சார்."

ஆர்டர் கொடுக்கும்போதே இடம் மாற்றுவது அவருக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தெரியும் என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? தெரியாது என்றால் மட்டும்?

பஸ் ஓட ஆரம்பித்தது. காலையில் பம்மல் மெயின் ரோட்டில் நிற்கும். எடை மேடையில் எனக்கு அப்புறம் வந்தவர்கள், டிரம் கழுவினவர்கள், எல்லாரும் டிபன் பாக்ஸோடு ஏறுவார்கள். நான் அந்த நேரத்தில் பால் வாங்கப் போவதை விட்டுவிட்டேன்.

மேஸ்திரி ஒரு நாள் வீட்டுக்கே வந்தார். வாசலில் நின்றே பேசினார்.

"எடை மேடைல ஆள் பத்தலபா. பசங்க சரியில்ல. நீ வந்து கேளு. லேபர்ல கேளு. கௌரவம் பாத்துகினு ஊட்ல குந்திகினு இருக்காத."

"தருவாங்களாண்ணா?"

"அவங்களுக்கே ஆள் வேணும். நீ வா. நான் சொல்றேன்."

மனைவி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

தாம்பரத்தில் ரயில் ஏறி சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி நடந்தேன். புது இடம் பெரிதாக இருந்தது. நாற்றம் அதேதான். செக்யூரிட்டி சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் அட்டை கொடுத்தான். விசிட்டர். எடை மேடை வழியாகத்தான் ஆபீசுக்குப் போக வேண்டும். வண்டி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மவுசோடு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். எனக்குத் தெரியாத ஆள். எடை திரையில் ஏறியது, சீட்டு வந்தது, ஒருவன் கிழித்துக்கொண்டு ஸ்டோருக்கு ஓடினான். ஒரு இடத்திலும் தடங்கல் இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

"யாரைப் பார்க்கணும் சார்?" என்று கேட்டான் அந்த ஆள்.

சின்னவர் நன்றாகத்தான் பேசினார். குடும்பத்தை விசாரித்தார். விஷயத்தைச் சொன்னேன். எடை மேடையில் லேபராகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பேனாவை மேசையில் உருட்டினார்.

"எப்படிங்க முடியும்? ஸ்டாஃபா இருந்தவரை லேபர்ல போட்டா சங்கமே என்னைக் கேக்கும். உள்ள ஆள் விட்டு வேவு பார்க்கறேன்னு சொல்லுவாங்க. அப்புறம், நீங்க ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுதானே வந்தீங்க? ரூல்னு ஒண்ணு இருக்கு."

"சார், வேலை அதேதானே."

"வேலை அதேதான். உங்களுக்கும் அது நல்லா இருக்காது, பாருங்க. உங்களைச் சார்னு கூப்பிட்டவங்களோட போய் நீங்க வண்டி தள்ளறது. எனக்கே மனசு கேக்காது."

பம்மலில் என்னைச் சார் என்று கூப்பிட்டது வாட்ச்மேன் மட்டும்தான். கேலிக்கு.

வெளியே மேஸ்திரி காத்திருந்தார். சொன்னேன். அவர் சங்கச் செயலாளரை இழுத்து வந்தார். செயலாளர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மேஸ்திரி, நீயும் தெரியாத மாதிரி பேசற. வெளிய பசங்க வரிசைல நிக்கறானுங்க, மெம்பரோட புள்ளைங்க. ஸ்டாஃப உள்ள சேத்தா நாளைக்கு என்னை செருப்பால அடிப்பானுங்க." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "தப்பா எடுத்துக்காதீங்க சார்."

அவரும் சார் என்றார். கேலி இல்லை.

அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். ரயில் தாமதம். தாம்பரம் வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது.

"இன்னா சொன்னாங்க?" என்று கேட்டாள் என் மனைவி.

"ஸ்டாஃபா இருந்தவனை லேபர்ல எடுக்க மாட்டாங்களாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள். அடங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். கல்யாணம் ஆகி அவ்வளவு வருஷத்தில் அந்தக் கேட் பேச்சுக்கு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அப்ப நீங்க இப்ப இன்னா ஆளு?" என்றாள்.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். சோறு போடச் சொன்னேன்.